வெறுங்கையோடு வருபவருக்கு முதல் துண்டு



பரவல் கணிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு வேலையை ஒரே பெரிய கணினியிடம் ஒப்படைக்காமல், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்களின் கையில் இருக்கும் பல கணினிகள் பங்குபோட்டுச் செய்து முடிப்பதுதான் அது. அந்தக் கணினி ஒவ்வொன்றிலும் சொந்தக்காரருக்காகத் தானே முடிவெடுக்கும் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். அதை மென்பொருள் முகவர் என்கிறோம். யாருக்குக் கொடுக்கலாம், யாரிடம் வாங்கலாம், யாரை நம்பலாம் என்பதையெல்லாம் அந்த நிரலே பார்த்துக்கொள்ளும். சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இதில் பேச எவ்வளவோ இருக்கிறது. நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முன்பின் அறிமுகம் இல்லாமல், கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால் இந்த நிரல்கள் அவரை எப்படி நடத்துகின்றன? எப்படி நடத்த வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்குள் விழுந்தது 2005 வாக்கில். அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு 256 கிலோபிட் இணைப்பு வந்திருந்தது. லினக்ஸ் குறுந்தகடு ஒன்றை, கிட்டத்தட்ட 700 மெகாபைட், பிட்டொரண்ட் வழியாக இறக்க உட்கார்ந்தேன். வெகுநேரம் திரையில் சுழியம் சதவீதம்தான். பிறகு எங்கோ இருந்த ஒரு கணினி ஒரு துண்டை அனுப்பியது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புள்ளி வைத்த ஓர் எண்வரிசை மட்டும். அந்தத் துண்டு வந்ததும் என் கணினி அதை வேறு யாருக்கோ கொடுத்தது. அவர் தன்னிடம் இருந்ததைத் தந்தார். அதை வைத்து இன்னொருவரிடம் வாங்கியது. வேகம் ஏறிக்கொண்டே போனது. மறுநாள் காலையில் கோப்பு முழுதாக வந்திருந்தது. கொடுத்தால் கொடுப்பார்கள் என்ற அளவில் அந்த ஏற்பாடு எனக்குப் புரிந்துவிட்டது. முதல் துண்டுதான் புரியவில்லை. பதிலுக்குத் தர என்னிடம் ஒரு பைட் கூட இல்லாதபோது அந்த அந்நியர் எதற்காகக் கொடுத்தார்?

பதில் தேடிப் போனால் கணினி அறிவியலைத் தாண்டி, அரசியல் அறிவியலுக்கும் உயிரியலுக்கும் போய்த்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஒரு கம்பிப் பாதையில் இருந்தே தொடங்குகிறேன்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணையம் மூச்சுத் திணறியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 400 கஜ தூரம். நொடிக்கு 32 ஆயிரம் பிட் ஓடிக்கொண்டிருந்த பாதையில் 40 பிட்தான் ஓடியது. நடந்தே போய்க் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பாதை நெரிந்தபோது தரவுப் பொட்டலங்கள் தொலைந்தன. தொலைந்ததை ஒவ்வொரு கணினியும் மறுபடி அனுப்பியது. எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் இறுகியது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் காரெல்ஸும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஜேக்கப்சனின் கட்டுரை 1988இல் வந்தது. பொட்டலம் தொலைந்தால் அது நெரிசலின் அறிகுறி, உன் வேகத்தை நீயே குறைத்துக்கொள். புதிதாக ஓர் இணைப்பைத் தொடங்குகிறாயா, ஒரே ஒரு பொட்டலத்தை அனுப்பு. அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகு கூட்டிக்கொள்.

நடுவில் நின்று கைகாட்டும் காவலர் யாரும் கிடையாது. எல்லாக் கணினியும் தானாக ஒதுங்கி வழிவிடுவதால்தான் பாதை ஓடுகிறது. ஒருவர் தன் கணினியில் அந்தச் சில வரிகளை மாற்றிவிட்டால், மற்றவர்கள் ஒதுங்கித் தந்த இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பெரும்பாலும் நடக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம், அந்தக் காலத்து இணையம் ஒரு சிறிய அக்கிரகாரம் போல இருந்ததுதான். எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒருவர் எழுதிய நிரலையே ஊரெல்லாம் எடுத்து ஓட்டியது. அது நண்பர்களுக்குள் நிலவிய ஒழுங்கு. அந்நியர்கள் லட்சக்கணக்கில் வந்து, ஒவ்வொருவரும் தன் நலனை மட்டும் பார்க்கும் நிரலைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்கான சோதனை அதற்கும் முன்பே நடந்திருந்தது. அதை நடத்தியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட்.

1950இல் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் என்ற இருவர் ஒரு விளையாட்டை அமைத்தார்கள். ஆல்பர்ட் டக்கர் என்ற கணிதவியலாளர் அதற்கு இரண்டு கைதிகளின் கதையைச் சேர்க்க, கைதிகளின் இக்கட்டு என்று பெயர் நிலைத்தது. நமக்குக் கைதிகள் வேண்டாம், இரண்டு கணினிகளை வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று கோப்பு தந்தால் ஆளுக்கு 3 புள்ளி. இரண்டும் தராமல் இருந்தால் ஆளுக்கு 1. ஒன்று தந்து மற்றது ஏய்த்துவிட்டால் ஏய்த்ததற்கு 5, தந்ததற்குச் சுழியம். எதிராளி என்ன செய்தாலும் ஏய்ப்பதுதான் எனக்கு லாபம், அவருக்கும் அப்படியே. இருவரும் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, 3 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 1 வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரே முறை சந்திப்பவர்களின் கதி இது.

அதே இருவர் திரும்பத் திரும்பச் சந்தித்தால்? ஆக்ஸல்ராட் வல்லுநர்களுக்குக் கடிதம் எழுதினார்: இந்த ஆட்டத்தை 200 முறை ஆட ஒரு நிரல் எழுதி அனுப்புங்கள், எல்லா நிரல்களையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறேன். உளவியல், பொருளியல், அரசியல் அறிவியல், கணிதம், சமூகவியல் துறைகளில் இருந்து 14 நிரல்கள் வந்தன. எதிராளியின் மனத்தைக் கணிக்கப் பார்ப்பவை, அவ்வப்போது ஒரு முறை ஏய்த்து ஆழம் பார்ப்பவை என்று பலவிதம். வென்றது எல்லாவற்றிலும் மிகச் சின்ன நிரல். முதல் ஆட்டத்தில் ஒத்துழை. பிறகு எதிராளி போன ஆட்டத்தில் என்ன செய்தாரோ அதையே செய். அவ்வளவுதான். பதிலுக்குப் பதில் என்று அதைச் சொல்லலாம்.

அனுப்பியவர் டொராண்டோவில் இருந்த அனடோல் ராபபோர்ட். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. 1911இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். மேடைக் கச்சேரி செய்யும் அளவுக்குப் பியானோ பயின்றவர், பிறகு கணிதத்துக்கு வந்தார். வியட்நாம் போரை எதிர்த்து 1965இல் மிச்சிகனில் பேராசிரியர்கள் இரவு முழுக்க நடத்திய விவாத வகுப்புகளில் முன்நின்றவர். அணுஆயுத வல்லுநர்கள் விளையாட்டுக் கோட்பாட்டைப் போருக்குத் துணையாக எடுத்துக்கொண்ட காலத்தில், அதே கோட்பாட்டைச் சமாதானத்தின் பக்கம் திருப்ப ஆயுள் முழுக்கப் பாடுபட்டார். வென்ற நிரல் இவர் கையில் இருந்து வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆக்ஸல்ராட் முடிவுகளை அலசி எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, இரண்டாம் போட்டி அறிவித்தார். இந்த முறை ஆறு நாடுகளில் இருந்து 62 நிரல்கள். அனுப்பியவர்களில் பத்து வயதுச் சிறுவனும் உண்டு, பேராசிரியர்களும் உண்டு. எதை வீழ்த்த வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். மறுபடியும் அதே நிரலை அனுப்பியவர் ராபபோர்ட் மட்டும்தான். மறுபடியும் அதுவே வென்றது. முதல் 15 இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம், தானாக முதலில் ஏய்க்காத நிரல்கள். கடைசி 15 இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் முதலில் ஏய்ப்பவை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பதிலுக்குப் பதில் நிரல் எந்த எதிராளியோடு ஆடிய மொத்தக் கணக்கிலும் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்ததே இல்லை. எடுக்கவும் முடியாது, ஏனென்றால் அது எப்போதும் இரண்டாவதாகத்தான் ஏய்க்கும். ஒருவரையும் தோற்கடிக்காமல் மொத்தப் போட்டியையும் வென்றது. யாரோடு ஆடினாலும் இருவருக்குமே நல்ல புள்ளி கிடைக்கும்படி ஆடியதால், கூட்டிப் பார்க்கும்போது அது மேலே நின்றது.

பிறகு ஆக்ஸல்ராட் பரிணாமத்தைக் கொண்டுவந்தார். அதிகப் புள்ளி எடுத்த நிரலுக்கு அடுத்த தலைமுறையில் அதிகப் பிரதிகள் என்று வைத்து ஓட்டினார். இரண்டாம் போட்டியில் எட்டாவதாக வந்த நிரல் ஒன்றுதான் முதல் 15க்குள் இருந்த ஏய்ப்பாளி. ஏமாளிகளை உறிஞ்சி அது தொடக்கத்தில் நன்றாகவே பெருகியது. ஏறக்குறைய 200 தலைமுறை வரை வளர்ச்சிதான். அதற்குள் ஏமாளி நிரல்கள் அழிந்துவிட்டன. உறிஞ்ச ஆள் இல்லாமல் அதுவும் தேய்ந்து போனது. யார் தன்னை வாழவைத்தார்களோ அவர்களை அழிக்கும் வெற்றி, தன் அடிமண்ணையே அரித்துவிடுகிறது.

உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டனுடன் சேர்ந்து 1981இல் ஆக்ஸல்ராட் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தைத் திறந்தது. எல்லாரும் ஏய்க்கும் ஊரில் ஒரே ஒருவர் பதிலுக்குப் பதில் கொள்கையோடு வந்தால் அவர் பிழைக்க மாட்டார். முதல் ஆட்டத்தில் கொடுப்பார், ஏமாறுவார். ஆனால் சிறு கூட்டமாக வந்தால் கதை மாறும். நான் சொன்ன அதே புள்ளிக் கணக்கில், மறுபடி சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 90 என்றால், அவர்களுடைய சந்திப்புகளில் நூற்றுக்கு 5 தங்களுக்குள்ளேயே நடந்தால் போதும். ஏய்ப்பவர்கள் நிறைந்த ஊரிலும் அவர்கள் வேர்விட்டுப் பரவுவார்கள். 95 முறை ஏமாந்தாலும் 5 முறை தன்னைப் போன்ற ஒருவரைச் சந்திக்கக் கிடைப்பதற்கு அவ்வளவு வலு.

நிரலை மனிதர் எழுதவே வேண்டியதில்லை என்று ஆக்ஸல்ராட் அடுத்துக் காட்டினார். 1987இல் வெளியான ஆய்வில், மிச்சிகனில் ஜான் ஹாலண்ட் உருவாக்கியிருந்த மரபியல் அல்காரிதத்தைப் பயன்படுத்தினார். கண்மூடித்தனமாக உருட்டிப் போட்ட 20 நிரல்களில் தொடங்கி, நன்றாக ஆடியவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்குவது. முதல் சில தலைமுறைகளில் ஏய்ப்புதான் ஓங்கியது. பத்து இருபது தலைமுறைக்குப் பிறகு, ஒத்துழைப்பவரோடு ஒத்துழைத்து ஏய்ப்பவரைத் திருப்பி அடிக்கும் நிரல்கள் தாமாகவே தோன்றி மேலேறின. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதில் ஒரு குறை உண்டு, கணினி வலையில் வேலை செய்பவர்களுக்கு அது உடனே உறைக்கும். வலையில் செய்தி தொலைந்துபோகும். நான் கொடுத்தேன், உங்களுக்கு வந்து சேரவில்லை. நான் ஏய்த்ததாக நினைத்து நீங்கள் நிறுத்துகிறீர்கள்; அதைப் பார்த்து நான் நிறுத்துகிறேன். பதிலுக்குப் பதில் என்று கறாராக இருக்கும் இருவருக்குள் ஒரே ஒரு பிழை விழுந்தால் அது முடிவில்லாமல் எதிரொலிக்கும். பல குடும்பங்களின் வழக்கு இப்படித்தான் மூன்று தலைமுறை ஓடுகிறது. மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் இருவரும் 1992இல் இதை ஆராய்ந்தார்கள். பிழை உள்ள உலகில் பரிணாமத்தை ஓடவிட்டபோது, ஏய்ப்பாளர்களை முறியடிக்கும் வரை பதிலுக்குப் பதில் கொள்கை தேவைப்பட்டது. முறியடித்த பிறகு அது நிலைக்கவில்லை. அதைவிடத் தாராளமான ஒரு நிரல் இடத்தைப் பிடித்தது. ஒத்துழைப்புக்கு எப்போதும் ஒத்துழைப்பு; ஏய்ப்பை மட்டும் மூன்றுக்கு ஒரு முறை மன்னித்துவிடும். மூன்றில் ஒன்று என்பது நான் சொன்ன 5, 3, 1, சுழியம் என்ற புள்ளிகளுக்குக் கணக்கில் வரும் அளவு. அதற்கு மேல் மன்னித்தால் ஏய்ப்பாளர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

இப்போது கோப்புப் பகிர்வுக்கு வரலாம்.

2000 மார்ச்சில் நட்டெல்லா வெளிவந்தது. நடுவில் சர்வர் எதுவும் இல்லாமல் ஆளுக்கு ஆள் கோப்பைக் கொடுத்து வாங்கும் வலை. அது அழகான கனவாக இருந்தது. அதே ஆண்டு ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எய்டன் அடார், பெர்னார்டோ ஹூபர்மன் இருவரும் அந்த வலையை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக் கூடப் பகிரவில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்களில் கிட்டத்தட்டப் பாதி, ஒரே ஒரு சதவீதம் பேரின் கணினியில் இருந்து வந்தது. அந்த 70 சதவீதம் பேர் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று அந்த நிரல் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் கொடுத்தார் என்ற நினைவு அதற்குள் எங்கும் இல்லை. மொய் நோட்டு எழுதும் வீடுகளில் பிறந்த நமக்கு இதன் பொருள் விளக்காமலே தெரியும்.

பிராம் கோஹன் என்ற இளைஞர் அப்போது மோஜோநேஷன் என்ற திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே நிரல்கள் ஒன்றுக்கொன்று மின்னணு நாணயம் கொடுத்துச் சேவையை வாங்கின. அதை விட்டு வெளியே வந்து 2001இல் பிட்டொரண்டை வெளியிட்டார். நாணயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். கோப்பைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டினார். எல்லாரும் ஒரே கோப்பைத் தேடி வந்தவர்கள், என்னிடம் இல்லாத துண்டு உங்களிடம், உங்களிடம் இல்லாதது என்னிடம். பண்டமாற்றுக்கு இதைவிடத் தோதான சந்தை கிடையாது. அதே இருவர் அரை மணி நேரத்தில் நூறு முறை சந்திக்கிறார்கள். ஆக்ஸல்ராட் கேட்ட நிபந்தனை அப்படியே நிறைவேறுகிறது.

உள்ளே நடப்பது இது. உங்கள் நிரல், தனக்கு வேகமாகத் தந்துகொண்டிருக்கும் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்குத் தரும். மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கும். பத்து நொடிக்கு ஒரு முறை கணக்கைத் திரும்பப் பார்க்கும். தருவதை நிறுத்தியவர் வெளியே, புதிதாகத் தருபவர் உள்ளே. இதுவரை பதிலுக்குப் பதில்தான். இதோடு நின்றிருந்தால் என் லினக்ஸ் எனக்கு வந்திருக்காது. இந்தக் கணக்கில் வெறுங்கையோடு வருபவருக்கு இடமே இல்லை.

கோஹன் இன்னொரு கதவை வைத்தார். முப்பது நொடிக்கு ஒரு முறை, தராதவர்களில் இருந்தும் ஒருவரைச் சுற்றுமுறையில் தேர்ந்தெடுத்துச் சும்மா கொடுத்துப் பார். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே நம்பிக்கை என்ற பொருள் இருக்கிறது. இப்போது இருப்பவர்களைவிட நல்ல கூட்டாளி ஒருவர் வெளியே நிற்கலாம், கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும் என்பது ஒரு காரணம். நெறிமுறை ஆவணத்தைப் பின்னாளில் படித்தபோது நான் நின்றுவிட்ட வரி அடுத்தது. அப்போதுதான் இணைந்த புதியவருக்கு இந்தச் சுற்றில் மற்றவர்களைவிட மூன்று மடங்கு வாய்ப்பு கொடு என்கிறது. காரணமும் எழுதியிருக்கிறது: அவர் கையில் ஒரு முழுத் துண்டாவது சேரட்டும், அப்போதுதான் அவரால் பிறருக்குத் தர முடியும்.

இதோடு விடவில்லை. பொதுவாக ஒவ்வொரு நிரலும் ஊரில் அரிதாக இருக்கும் துண்டைத்தான் முதலில் தேடி வாங்கும். எந்தத் துண்டும் அழிந்துபோகாமல் இருக்க அது வழி. புதியவருக்கு மட்டும் விலக்கு. அரிதான துண்டு ஓரிருவரிடம்தான் இருக்கும், வந்து சேர நேரமாகும். அதனால் முதல் துண்டு எதுவானாலும் சரி, சீக்கிரம் கிடைப்பதை எடுத்துக்கொள், கொடுக்கும் நிலைக்கு வந்துவிடு.

2005இல் எனக்கு வந்த முதல் துண்டு இந்த வரிகளில் இருந்து வந்தது. யாரோ ஒரு நல்லவர் எனக்காக மனமிரங்கியிருப்பார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நிரல் எழுதியவர் தன் மேசையில் உட்கார்ந்து, இன்னும் வராத ஒருவரை நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்புக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் அந்தத் திறந்த கதவு வழியாக யாரும் நுழையலாம். 2006இல் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிட்தீஃப் என்ற நிரலை எழுதினார்கள். எவருக்கும் ஒரு துண்டும் தராது. ஏராளமான கணினிகளோடு இணைந்துகொண்டு, ஒவ்வொன்றும் புதியவருக்கென்று தரும் இனாமை மட்டும் வாங்கி வாங்கியே முழுக் கோப்பையும் இறக்கிவிடும். மறு ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிட்டைரண்ட் என்ற நிரல் வந்தது. இது திருடாது; எதிராளி தொடர்ந்து தருவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடுத்து, மிச்சத்தைப் பிறரிடம் பேரம் பேசப் பயன்படுத்தும். அவர்களுடைய அளவீட்டில் தெரிந்த செய்தி முக்கியமானது. பிட்டொரண்ட் வேகமாக ஓடியதற்குப் பெரிய காரணம், வேகமான இணைப்பு வைத்திருந்தவர்கள் வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான். எல்லாரும் கறாராகக் கணக்குப் பார்த்துத் தேவைக்கு மேல் தராமல் நிறுத்திக்கொண்டால் மொத்த வலையும் மெதுவாகும். மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்குத்தான் அதிக அடி. என் 256 கிலோபிட் அந்தப் பட்டியலில் கடைசியில் இருந்திருக்கும்.

திருடனும் புதியவரும் வாசலில் நிற்கும்போது ஒரே மாதிரி இருப்பார்கள். இரண்டு பேர் கையும் காலி. இதுதான் இந்தத் துறையின் உண்மையான இக்கட்டு என்று நான் கருதுகிறேன். எரிக் ஃப்ரீட்மன், பால் ரெஸ்னிக் இருவரும் 2001இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். பெயர் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், ஏமாற்றியவர் பழைய பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு நாளைக்குப் புதியவராக வரலாம். அதனால் எல்லாப் புதியவரையும் சந்தேகத்தோடு நடத்த வேண்டியதாகிவிடுகிறது. ஏமாற்றுபவர் செய்ததற்கு நேர்மையாக வருபவர் விலை கொடுக்கிறார். 2002இல் ஜான் டூசர் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார். ஒரே ஆள் ஆயிரம் பெயரில் ஆயிரம் கணினியாக வேடமிடலாம். அடையாளத்துக்குப் பொறுப்பேற்கும் நடுநாயகமான ஒருவர் இல்லாவிட்டால் இதை நடைமுறையில் தடுக்கவே முடியாது.

அதற்குச் சாட்சி போல ஒன்று நடந்தது. ஆக்ஸல்ராட் போட்டியைப் பின்பற்றி 2004இல் புதிய போட்டி வைத்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 60 நிரல்களை இறக்கியது. அவை தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து ஆட்டங்களைக் குறிப்பிட்ட வரிசையில் ஆடி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. தன் குழு என்று தெரிந்தால் ஒன்று தன்னைப் பலி கொடுத்து மற்றதுக்கு 5 புள்ளி வாங்கித் தரும். வேற்றாள் என்றால் விடாமல் ஏய்க்கும். முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கு. பட்டியலின் அடியிலும் அவர்களுடைய நிரல்களே குவிந்து கிடந்தன. அறிவியலாக அது அருமையான வேலை, மறுக்க மாட்டேன். அதே நேரத்தில், தன்னவர் இல்லாத யார் வந்தாலும் ஏய்ப்பு என்ற ஓர் ஊரை அவ்வளவு சுலபமாகக் கட்டிவிட முடிகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் வலித்தது.

ஒத்துழைப்பு என்றாலே நல்லது என்று நாம் பழகிவிட்டோம். எமிலியோ கல்வானோவும் மூன்று சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் அந்தப் பழக்கம் கலையும். போட்டிக் கடைகள் போல, விலை வைக்கும் முகவர் நிரல்களைக் கணினியில் உருவாக்கித் தாமாகக் கற்க விட்டார்கள். ஒன்றுக்கொன்று பேச வழி கிடையாது, கூட்டுச் சேரச் சொல்லவும் இல்லை. இருந்தும் அவை போட்டி விலைக்கு மேலே விலையை ஏற்றி வைத்துக்கொள்ளக் கற்றன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றது குறைத்துத் தண்டிக்கும். பிறகு இரண்டும் படிப்படியாகப் பழைய விலைக்கு ஏறும். பாருங்கள், தண்டனையும் மன்னிப்பும் சேர்ந்த அதே பாடம். விற்பவர்களுக்குள் ஒத்துழைப்பு, வாங்குபவருக்கு நஷ்டம். ஆக, நிரல்கள் ஒத்துழைக்கின்றன என்று யாராவது சொன்னால், யாருக்குள், வெளியே நிற்பவர் யார் என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

இந்த அரங்கில் நிரல் எழுதும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நமக்காகப் பொருள் வாங்கி, சீட்டுப் பதிவு செய்து, பிற நிரல்களோடு பேரம் பேசும் முகவர்களை எழுதும் வேலை உங்களிடம் வரும். யாருக்கு முதலில் கொடுப்பது, எத்தனை முறை மன்னிப்பது, பெயர் தெரியாதவரிடம் எவ்வளவு தூரம் நம்பிக்கை வைப்பது என்பவை அந்த நிரலில் எண்களாக இருக்கும். நீங்கள் ஒரு மாலையில் எழுதிவிட்டுப் போகும் எண்களாக. அவற்றை எவ்வளவு பொறுமையாக நிர்ணயிக்கலாம் என்பதற்கு, நான் தொடங்கிய இடத்துக்கே திரும்பி ஓர் உதாரணம் தருகிறேன்.

புதிய இணைப்பு முதல் மூச்சில் எத்தனை பொட்டலம் அனுப்பலாம் என்று 1988இல் ஜேக்கப்சன் வைத்த எண் 1. 2002இல் இணையப் பொறியாளர்கள் அதை அதிகபட்சம் 4 என்று ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். 2010இல் கூகுள் பொறியாளர்கள் 10 ஆக்கலாம் என்று வாதிட்டார்கள். பக்கங்கள் விரைவாகத் திறக்கும் என்றார்கள். உடனே கேள்வி வந்தது: மெதுவான இணைப்பில் இருப்பவர்களின் கதி என்ன, புதியவர் பத்துப் பத்தாக அனுப்பினால் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் நெரிபட மாட்டாரா? அளந்தார்கள், வாதாடினார்கள், மறுபடி அளந்தார்கள். 2013 ஏப்ரலில் 10 என்ற எண் ஆவணமாக வெளிவந்தது. வகை என்ற இடத்தில், சோதனை நிலை என்று போட்டிருந்தார்கள்.